காசிமேட்டுப் படகில் கன்வெர்ட்டர் மாற்றியது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேடு துறைமுகத்தில் விசைப்படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கும். மரவேலை, பெயின்ட், வலை, இன்ஜின் என எல்லாப் பழுதும் அப்போதுதான் பார்க்கப்படும் என்பதால், தண்டையார்பேட்டையிலிருந்து படகுகளுக்கு மின்வேலை செய்துவரும் எனக்கும் ஆண்டு வருமானத்தில் பெரும்பகுதி அந்த இரண்டு மாதங்களில்தான் வரும். இம்முறை தடைக்காலம் முடியப் பத்து நாள் இருக்கையில், பழக்கமான படகுக்காரர் ஒருவர் அழைத்தார். அவர் சொன்ன குறைக்கும் நான் மாற்றிய பொருளுக்கும் மேலோட்டமாகப் பார்த்தால் எந்தத் தொடர்பும் இல்லை.

"ண்ணா, சாவி போட்டா டக்குன்னு ஒரு சத்தம்தான் வருது, இஞ்சினு சுத்தவே மாட்டேங்குது. பேட்டரி போட்டு ஒன்ற வருசந்தான் ஆவுது" என்றார்.

அவருடைய படகில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறார்கள். இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டரும் பேட்டரிகளைச் சார்ஜ் செய்யும் டைனமோவும் அந்த 24 வோல்ட்டுக்கானவை. இரவு முழுக்க ஓய்வில் இருந்த பேட்டரிகளைத் தனித்தனியே அளந்தபோது ஒன்று 12.7 வோல்ட், மற்றொன்று 11.8 வோல்ட். ஒரே நாளில் வாங்கி ஒரே பெட்டியில் வைத்த இரண்டு பேட்டரிகளுக்கு இடையே இவ்வளவு வேறுபாடு இயல்பாக வராது. வெளிப் பேட்டரியின் உதவியால் இன்ஜினை ஓட்டிவிட்டு மறுபடியும் அளந்தேன். இரண்டுக்கும் சேர்த்து 28 வோல்ட் சரியாக வந்தது. ஆனால் அதில் ஒன்று 15.2 வோல்ட்டும் மற்றொன்று 12.8 வோல்ட்டும் எடுத்துக்கொண்டன. அதிகம் எடுத்துக்கொண்ட பேட்டரியின் மூடியைத் திறந்தால் தண்ணீர் தகடுகளுக்குக் கீழே போயிருந்தது.

நெகட்டிவ் பக்கத்துப் பேட்டரியிலிருந்து புதிதாக ஒரு சிவப்பு ஒயர் கிளம்பிப் பலகை இடுக்கு வழியாக மேலே போவதை அப்புறம்தான் பார்த்தேன். படகை ஓட்டும் அறையான வீல் ஹவுஸில் இருக்கும் வயர்லெஸ், ஒலியலையால் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர், ஜி.பி.எஸ்., ஒரு மின்விசிறி, நான்கைந்து கைப்பேசிகளின் சார்ஜர் ஆகிய அனைத்தும் அந்த ஒற்றை ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தன. இவை யாவும் 12 வோல்ட் சாதனங்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன் நானே வைத்துக்கொடுத்த 24-லிருந்து 12-க்கு இறக்கும் கன்வெர்ட்டர் ஓரத்தில் வேலையற்றுக் கிடந்தது. பிப்ரவரியில் ஒரு நாள் நடுக்கடலில் வயர்லெஸ்ஸில் பேச்சு கேட்டதாம். ஆனால் பதில் பேசப் பொத்தானை அழுத்தியதும் செட்டே அணைந்து மறுபடியும் எரிந்ததாம். பக்கத்துப் படகிலிருந்த ஒருவர் வந்து, கன்வெர்ட்டரை ஒதுக்கிவிட்டு ஒரு பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்துக்கொடுத்திருக்கிறார். கடலில் வயர்லெஸ் இல்லாமல் இருக்க முடியாது என்பதால் அன்றைக்கு அது சரியான காரியம். கரைக்கு வந்த பிறகும் மாதக்கணக்கில் அப்படியே விட்டதுதான் தப்பு.

இப்படிப் பாதியில் கைவைப்பதை நான் பல படகுகளில் பார்க்கிறேன். லாரிகளில் பாட்டுப்பெட்டிக்கும் இதையே செய்வார்கள். தொடராக இருக்கும் இரண்டு பேட்டரிகளுக்குள்ளும் ஒரே அளவு சார்ஜ் மின்னோட்டம்தான் பாயும். நெகட்டிவ் பக்கத்துக் கீழ்ப் பேட்டரியிலிருந்து மட்டும் 4 ஆம்பியர் தொடர்ந்து எடுத்தால், ஒரு நாளில் அது 96 ஆம்பியர் மணி நேரம் கூடுதலாக இழக்கிறது. டைனமோவுக்கோ இரண்டின் கூட்டுத்தொகை மட்டுமே தெரியும். 28 வந்துவிட்டதா என்று பார்த்துத் தன் வேலையைச் சுருக்கிக்கொள்ளும் அது, மேல் பேட்டரி கொதித்துத் தண்ணீரை இழப்பதையோ கீழ்ப் பேட்டரி அரைவயிற்றோடு கிடந்து தகடுகளில் சல்பேட் படிந்து கெடுவதையோ அறியாது. ஸ்டார்ட்டர் 24 வோல்ட் கேட்கும்போது கீழ்ப் பேட்டரி துவண்டுவிடுகிறது. இன்ஜின் சுற்றாததற்குக் காரணம் வீல் ஹவுஸில் இருந்தது.

பழைய கன்வெர்ட்டரைத் திறந்து பார்த்தேன். சுமை இல்லாமல் 13.6 வோல்ட் நேர்த்தியாக வருகிறது. 5 ஆம்பியர் சுமை கொடுத்தால் 9-க்கு இறங்கிவிடுகிறது. 25 வாட் கடல்வழி வயர்லெஸ் கேட்கும்போது அரை ஆம்பியரைக்கூடத் தாண்டாது, பேசும்போது ஐந்து ஆறு ஆம்பியர் இழுக்கும் என்பதால் படகுக்காரர் சொன்ன அறிகுறி அப்படியே பொருந்தியது. உள்ளே இரண்டு மின்தேக்கிகள், அதாவது கெப்பாசிட்டர்கள், தலை புடைத்து நின்றன. எலெக்ட்ரோலிட்டிக் மின்தேக்கியின் ஆயுள் வெப்பநிலை 10 டிகிரி கூடும்தோறும் ஏறக்குறைய பாதியாகும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். அதைத் தெரிந்துகொண்டே அந்தப் பெட்டியை இன்ஜின் அறைச் சுவரில், புகைக்குழாய்க்கு மேலே திருகி வைத்தவன் நான்தான். ஒயர் இழுக்க வசதியாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் சொல்வதற்கில்லை. படகுக்காரரிடம் அதை ஒப்புக்கொண்டு கூலியைக் குறைத்துக்கொண்டேன்.

இளவயதில் சில காலம் சிறிய விமானங்களின் ரேடியோ பார்க்கும் பட்டறையில் உதவியாளனாக இருந்தேன். செஸ்னா 172 விமானங்கள் 1978 மாடலிலிருந்து 14 வோல்ட்டை விட்டு 28 வோல்ட்டுக்கு மாறியவை. 14 வோல்ட் ரேடியோவை அத்தகைய விமானத்தில் பொருத்த வேண்டுமானால் நடுவே ஒரு கன்வெர்ட்டர் வேண்டும். அக்காலத்துப் பெட்டிகள் பெரும்பாலும் மிச்ச வோல்ட்டை வெப்பமாக எரித்துவிடும் வகையைச் சேர்ந்தவை. 28-ஐ 13.6-க்கு இறக்கி 5 ஆம்பியர் கொடுத்தால் 72 வாட் வெறும் சூடாகப் போகும். ரேடியோவுக்குப் போவது 68 வாட்தான். கன்வெர்ட்டர் செத்துப்போனால் பயப்படாதே, அது சாகாமல் உள்ளே ஒட்டிக்கொண்டு 28-ஐ அப்படியே ரேடியோவுக்கு அனுப்பினால்தான் பயப்பட வேண்டும் என்று அங்கிருந்த மூத்தவர் சொல்லுவார். அங்கே ஒரு பெட்டியை மாற்றினால் அதற்குரிய சான்றுத்தாள் வேண்டும், உரிமம் பெற்ற பொறியாளர் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். படகில் என்னை யாரும் கேட்பதில்லை என்பதால் நானே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மின்னணுப் பொருள்கள் விற்கும் ரிச்சி தெருவில் இரண்டு கன்வெர்ட்டர் பெட்டிகள் வாங்கினேன். இரண்டின் மேலும் 20 ஆம்பியர் என்று அச்சடித்திருந்தது. அந்த எண்ணை நம்பி எதையும் வாங்கக் கூடாது. 55 வாட் ஹெட்லைட் பல்புகள் இரண்டைச் சுமையாகக் கட்டி, வெயிலில் ஒரு மணி நேரம் எரியவிட்டேன். முதல் பெட்டி நாற்பதாவது நிமிடத்தில் தொட முடியாத சூட்டுக்குப் போய் வோல்ட்டையும் இறக்கியது. திறந்தால், உள்ளீட்டு மின்தேக்கியில் 35 வோல்ட் என்று போட்டிருந்தது. 28 வோல்ட் சாதாரணமாக ஓடும் இடத்தில், ஏதாவது மோட்டாரை நிறுத்தும் கணத்தில் எழும் மின்துள்ளலை அது தாங்காது. இரண்டாவதில் 50 வோல்ட் மின்தேக்கி இருந்தது. உள்ளீட்டிலும் வெளியீட்டிலும் ஃப்யூஸ் இருந்தது. வெளியீடு வரம்பு மீறினால் தானே அறுத்துக்கொள்ளும் ஏற்பாடும் இருந்தது. இது மின்சாரத்தை வேகமாக விட்டுவிட்டு அனுப்பி வோல்ட்டை இறக்கும் வகை என்பதால், அதே 68 வாட்டுக்குப் பத்து வாட் அளவில்தான் சூடாகப் போகும்.

வைக்கும் இடம் இம்முறை வீல் ஹவுஸின் உள்சுவர், காற்று படும் உயரம். சாதனங்களுக்குப் பக்கத்திலேயே கன்வெர்ட்டர் இருந்தால் நீளமான ஒயரில் 24 வோல்ட் பக்கத்து மின்னோட்டம், அதாவது ஏறத்தாழப் பாதிதான், ஓடும். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், போக வர 12 மீட்டர், 6 ஆம்பியர் என்று கணக்குப் போட்டால் அரை வோல்ட் வழியிலேயே தொலையும். 12 வோல்ட்டில் அது பெரிய இழப்பு. ஈயம் பூசிய செம்பு ஒயரை இரண்டு பேட்டரிகளின் கடைசி முனைகளிலிருந்து நேராக இழுத்து, பேட்டரிக்கு ஒரு கை தூரத்துக்குள் ஃப்யூஸ் வைத்து, ஒயர் முனையில் மாட்டும் லக்குகளை அழுத்திக் கடித்து, உப்புக்காற்று புகாதபடி மூடினேன். அந்தச் சிவப்பு ஒயரை முழுதாக உருவி எடுத்துவிட்டேன். கிடந்தால் மறுபடியும் யாராவது கட்டுவார்கள்.

எல்லாம் முடிந்தது என்று எக்கோவைப் போட்டால் திரை முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தூவியது. இந்த வகைக் கன்வெர்ட்டரின் குற்றம் இதுதான்: அதிகம் சூடாகாது, ஆனால் மின் இரைச்சலைக் கிளப்பும். சந்தேகத்தைத் தீர்க்க எக்கோவைத் தனி 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டிப் பார்த்தேன். திரை துலக்கமாக இருந்தது. வெளியீட்டு ஒயர்கள் இரண்டையும் முறுக்கி, அந்த இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையத்தில் மூன்று சுற்று சுற்றி, எக்கோவின் கேபிளையும் ஆன்டெனா கேபிளையும் எதிர்ச்சுவருக்கு மாற்றிய பிறகு புள்ளிகள் ஒன்றிரண்டாகக் குறைந்தன. வயர்லெஸ்ஸில் பேசும்போது கன்வெர்ட்டர் முனையில் 13.5, செட்டின் முனையில் 13.3 வோல்ட்.

பேட்டரிதான் பாக்கி. கெட்டது ஒன்று, அதை மட்டும் மாற்றினால் போதாதா என்று படகுக்காரர் கேட்டார். தண்ணீர் வற்றிய மற்றொன்றும் கெட்டதுதான், புதியதையும் பழையதையும் தொடரில் கட்டினால் இதே வேறுபாடு வேறு வழியில் வரும் என்று சொல்லி, இரண்டையும் மாற்ற வைத்தேன். பணத்தை எண்ணும்போது அவருக்கு முகம் சரியில்லை. "ஒயரு இழுத்துக் குடுத்தவனாண்ட பாதி வாங்கணும்ண்ணா" என்றார். புகைக்குழாய்க்கு மேல் பெட்டியை வைத்தவனும் அங்கேதான் நிற்கிறான் என்பதால் நான் பதில் சொல்லாமல், புதுப் பெட்டியின் மேல் தேதியை மார்க்கரால் எழுதிக்கொண்டிருந்தேன்.