பலகாரக் கணக்கு

6 அக்டோபர் 2024, ஞாயிறு

வரித் தணிக்கை அறிக்கை தாக்கல் செய்ய நாளை கடைசி நாள். செப்டம்பர் 30 என்று இருந்ததை அக்டோபர் 7 ஆக்கினார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸ். ஊர்க் கணக்கையெல்லாம் முடித்துவிட்டு, ராத்திரி என் சொந்தக் கணக்கை எடுத்து உட்கார்ந்தேன்.

உணவியல் நிபுணர் எனக்கு எழுதிக் கொடுத்தது நாளைக்கு 1,400 கலோரி. உட்கார்ந்து வேலை பார்க்கும் 55 கிலோ பெண்ணுக்கு 1,660 என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 அட்டவணை சொல்கிறது. நான் 71 கிலோ. என் உடம்பு இப்போதைய எடையிலேயே நிற்க ஏறத்தாழ 1,800 தேவைப்படும். ஆக, தினமும் 400 துண்டு விழுகிறது. அந்தத் துண்டுதான் இடுப்பிலிருந்து போகவேண்டியது.

அவர் கொடுத்த தாளின் அடியில் ஒரு வரி: 'இனிப்பு, எண்ணெய்ப் பலகாரம் தவிர்க்கவும்.' மதுரையில், ஐப்பசியில், ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவளுக்கு இது நடக்கிற காரியமா? எங்களிடம் கணக்குக் கொடுக்கும் பார்ட்டிகள் கொண்டுவரும் ஸ்வீட் பாக்ஸுக்கே இன்னும் இரண்டு வாரத்தில் தனி மேஜை போடவேண்டியிருக்கும்.

எனவே திட்டத்தை மாற்றி எழுதினேன். நாள் கணக்கு வேண்டாம், வாரக் கணக்கு. 1,400-ஐ ஏழால் பெருக்கினால் 9,800. அதிலிருந்து 700-ஐ முதலிலேயே எடுத்துப் பலகாரம் என்ற தலைப்பில் வைத்துவிட்டேன். மிச்சம் 9,100, நாளைக்கு 1,300. அந்த 700-ஐ எதற்குச் செலவழிக்கப் போகிறேன் என்று ஞாயிறன்றே பெயர் எழுதிவிடவேண்டும். செலவாகாதது அடுத்த வாரத்துக்கு வராது. மார்ச் 31-இல் அரசாங்கப் பணம் காலாவதி ஆகிற மாதிரிதான்.

11 அக்டோபர், வெள்ளி

ஆயுத பூஜை. பொரி ஒரு கப் நிறைய எடுத்தாலும் 15 கிராம்தான், 60 கலோரி. பொட்டுக்கடலை ஒரு பிடி 75, வெல்லத் துண்டு 40. பலகாரத் தலைப்பைத் தொடவே இல்லை, அன்றாடக் கணக்கிலேயே அடங்கிவிட்டது. பண்டிகைகளில் இது ஒன்றுதான் நமக்குச் சாதகம்.

13 அக்டோபர், ஞாயிறு

ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பையன் 'சீட் டே' கட்சி. ஆறு நாள் ஓட்ஸும் முட்டையும், ஞாயிற்றுக்கிழமை கட்டவிழ்த்துவிட்ட காளை. "மனசுக்கு ஒரு நாள் லீவு வேணும்ல அக்கா" என்கிறான்.

மனசுக்கு லீவு கொடுக்கலாம். எனக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறு நாளில் நான் சேர்ப்பது 2,400. ஞாயிறு காலையில் பூரி கிழங்கு, மதியம் பிரியாணி, மாலையில் பஜ்ஜி, ராத்திரி பரோட்டா சால்னா என்று போனால் 3,500 சர்வ சாதாரணம். தேவைக்கு மேல் 1,700. ஆறு நாள் சேமிப்பில் முக்கால்வாசிக்குப் பக்கத்தில் ஒரே நாளில் கரைந்துபோகும். சேமிப்பது மெதுவாக நடக்கிறது, தின்பது வேகமாக நடக்கிறது. அதோடு, முழு நாளையும் விட்டுக்கொடுத்தால் நாம் ஆசைப்பட்ட பண்டத்தை மட்டுமா தின்கிறோம்? அந்தப் பையனுக்குப் பிடித்தது பன் பரோட்டா. பஜ்ஜியும் பூரியும் கூட்டத்தோடு உள்ளே நுழைந்தவை.

16 அக்டோபர், புதன்

700 எங்கிருந்து வரும் என்பதுதான் எல்லாரும் கேட்பது. வீட்டுக்காரரும் கேட்டார், "சாப்பாட்டைக் குறைச்சுட்டு ஸ்வீட் சாப்பிடப் போறியா?" என்று. குறைக்கவேண்டியது சாப்பாடு இல்லை. போன மாதம் எழுதி வைத்ததைப் புரட்டினேன். காபிக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, நாளைக்கு இரண்டு காபி. ஸ்பூனுக்கு 5 கிராம் என்றால் 20 கிராம், 80 கலோரி. வாரத்துக்கு 560. அப்புறம் நாலு மணி டீயோடு மேஜையில் கிடக்கும் மிக்சர். ஒரு கை அள்ளினால் 30 கிராம், அதாவது 165. ஆறு நாளைக்கு 990.

அந்த மிக்சர் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. கடலை மாவு வாசம் போயிருக்கும், கருவேப்பிலைகூடப் பேருக்குத்தான். ஆனாலும் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கை போய்விடும். நம்மைக் குண்டாக்குவது தீபாவளி அல்வா என்று நினைக்கிறோம். வருஷத்தில் அது எத்தனை நாள்? இந்த நாலு மணி மிக்சர்தான் ஆண்டு முழுக்க வேலை பார்க்கிறது. மிக்சர் டப்பாவை எதிர் மேஜைக்கு மாற்றியாயிற்று. காபிக்குச் சர்க்கரை அரை ஸ்பூன். முதல் நாலு நாள் கசந்தது, அவ்வளவுதான்.

20 அக்டோபர், ஞாயிறு

அத்தை முறுக்கு சுட்டார்கள். கடைப் பலகாரத்துக்குப் பாக்கெட்டின் பின்னால் 100 கிராமுக்கு இவ்வளவு என்று அச்சடித்திருக்கும். வீட்டு முறுக்குக்கு அது கிடையாது. போனில் கலோரி ஆப்பில் 'ஒரு முறுக்கு' என்று தேடினால் 40-இலிருந்து 180 வரை காட்டுகிறது. முறுக்கு எவ்வளவு பெரியது என்று அதற்கென்ன தெரியும்?

எனவே எடை மெஷினை அடுப்பங்கரைக்குக் கொண்டுபோனேன். மாவு, அரிசியும் உளுந்தும் சேர்த்து, 500 கிராம். வெண்ணெய் 50. ஒரு லிட்டர் எண்ணெய்ப் பாக்கெட்டில் 910 கிராம் என்று போட்டிருக்கும், அதை முழுக்கச் சட்டியில் ஊற்றச் சொன்னேன். சுட்டு முடித்து எண்ணெய் ஆறியதும் வடிகட்டி நிறுத்தேன்.

"எண்ணெயவா நிறுக்குற? தங்கமா ஆத்தா அது?" என்று அத்தை சிரித்தார்கள்.

மிச்சம் 700. அப்படியென்றால் 210 கிராம் முறுக்குக்குள் போயிருக்கிறது. கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, ஆக 1,890. மாவு 1,750, வெண்ணெய் 360. கூட்டினால் 4,000. முறுக்கு மொத்தம் 720 கிராம் வந்தது, ஒன்று 20 கிராம். எனவே ஒரு முறுக்கு 110 கலோரி. அதில் பாதிக்குச் சற்றே குறைய எண்ணெய் மட்டும்! சட்டியில் எண்ணெய் குறைந்ததை இத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன், எங்கே போகிறது என்று கேட்டதில்லை.

ரவை உருண்டை இதைவிடச் சுலபம், எதுவும் வடியப் போவதில்லை. ரவை 250 கிராம், சர்க்கரை 200, நெய் 75, முந்திரியும் திராட்சையும் தலா 25. மொத்தம் 2,570 கலோரி. 25 கிராம் உருண்டையாகப் பிடித்தால் ஒன்று 110. முறுக்கும் உருண்டையும் ஒரே விலை என்பது சௌகரியம், மனசுக்குள்ளேயே கூட்டிக்கொள்ளலாம்.

அத்தை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "அடுத்த தடவை சின்ன அச்சு போட்டுச் சுடுறேன்" என்றார்கள். இவ்வளவு கூட்டல் கழித்தலுக்கும் அதைவிட நல்ல பதில் இல்லை.

23 அக்டோபர், புதன்

பாக்ஸ்கள் வந்துவிட்டன. சோன் பப்டி மூன்று வந்திருக்கிறது. அதை யாருக்கும் பிடிப்பதில்லை, ஆனாலும் எல்லாருக்கும் வருகிறது. ஒரு பார்ட்டி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பால்கோவா அனுப்பியிருந்தார். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. விறகடுப்பில் பாலையும் சர்க்கரையையும் போட்டுச் சுண்டவிட்டது, அந்தப் புகை வாசம் லேசாக இருக்கும். கோவில்பட்டி கடலை மிட்டாயும் வந்தது. அதற்கு 2020-இல் குறியீடு. 25 கிராம் துண்டுக்கு 125 வைத்துக்கொள்கிறேன். பாதிக்கு மேல் கடலை என்பதால் கொஞ்சம் புரதமும் கிடைக்கிறது, பல்லுக்கும் வேலை.

என் விதி இதுதான். வருஷம் முழுக்கத் தெருமுனைக் கடையில் கிடைப்பதற்குத் தீபாவளிக் கணக்கிலிருந்து பைசா கிடையாது. ஜிலேபி, லட்டு, பாதுஷா எல்லாம் வந்த பாக்ஸோடு பக்கத்து மேஜைக்குப் போயின. பால்கோவா மட்டும் 50 கிராம் எடுத்தேன், 200 கலோரி என்று எழுதினேன். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் சாப்பிட்டேன். பசியோடு இருக்கும்போது இனிப்பு டப்பாவைத் திறந்தால் 50 கிராமில் யாரும் நிற்கமாட்டார்கள், நானும்தான்.

26 அக்டோபர், சனி

வருமான வரித் தாக்கலுக்கும் நவம்பர் 15 வரை நாள் கொடுத்துவிட்டார்கள் என்று இன்று தெரிந்தது. ஆபீஸில் ஒரே கொண்டாட்டம். அந்தக் குஷியில் ஆளுக்கு ஆள் எனக்கு ஆலோசனை.

"வெல்லம் போட்டதுன்னா பரவாயில்லக்கா." சர்க்கரை 10 கிராமுக்கு 40, வெல்லம் 10 கிராமுக்கு 38. அந்த இரண்டு கலோரிக்காக அதிரசத்தை மருந்து என்று சொல்லமுடியாது. "சிறுதானிய முறுக்கு இருக்கே." மாவு மாறியிருக்கிறது, சட்டியும் எண்ணெயும் மாறவில்லை. "சுகர் ஃப்ரீ மைசூர்பாகு வாங்குங்க." மைசூர்பாகில் நெய் அப்படியேதானே இருக்கிறது? சிலவற்றில் சர்க்கரைக்குப் பதில் மால்டிட்டால் என்ற இனிப்பூட்டி போடுகிறார்கள். அதிலும் சர்க்கரையில் பாதி கலோரி உண்டு, கூடத் தின்றால் வயிற்றைக் கலக்கும். இதையெல்லாம் விடப் பெரிய கெடுதல், 'நல்லது' என்று பெயர் வைத்ததும் மூன்று எடுத்துக்கொள்கிறோம். எனக்கு அதிரசம் வேண்டுமென்றால் அதிரசம்தான். ஒன்று.

அத்தைக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. என் கணக்கு அவர்களுக்கு ஆகாது. அவர்கள் பார்க்கவேண்டியது மாவுச்சத்தையும் மாத்திரை நேரத்தையும், அதை டாக்டர் சொல்கிறபடிதான் செய்யவேண்டும். எடை குறைப்பவருக்கு 'ஒன்று சாப்பிடலாம்' என்பது வேறு, அவர்களுக்கு வேறு.

27 அக்டோபர், ஞாயிறு

இந்த வாரம் இளைக்கப் போவதில்லை என்று எழுதிவிட்டேன். ஏறாமல் இருந்தால் போதும். நாளைக்கு 1,800 என்றால் வாரத்துக்கு 12,600. சாப்பாட்டுக்கு வழக்கமான 9,100 போனால் பலகாரத்துக்கு 3,500 இருக்கிறது. பெரிய தொகை! முறுக்கும் ரவை உருண்டையும் சேர்த்து முப்பதுக்கு மேல் தின்னலாம் என்று கணக்கு சொல்கிறது. அவ்வளவு எனக்கு வேண்டியதில்லை.

31 அக்டோபர், வியாழன்

தீபாவளி. எண்ணெய்க் குளியல், நெல்லிக்காய் அளவு லேகியம், அப்புறம் எங்கள் ஊர் வழக்கப்படி இட்லியும் கறிக்குழம்பும். அமாவாசை பிற்பகலில்தான் ஆரம்பம், காலைக் கறிக்குத் தடையில்லை. இட்லி நாலு. கறி நிறையப் போட்டுக்கொண்டேன், மேலே மிதந்த எண்ணெயைக் கரண்டியால் ஒதுக்கினேன். வயிறு நிறைந்ததில் பதினோரு மணி வரை பலகாரத் தட்டுப் பக்கம் திரும்பவில்லை.

அப்புறம் முறுக்கு மூன்று, ரவை உருண்டை இரண்டு, அதிரசம் ஒன்று, கோதுமை அல்வா 50 கிராம். சுமார் 900. அக்கம்பக்கத்துத் தட்டுகள் வந்தபடி இருந்தன. வாங்கிக்கொண்டேன், பதில் தட்டும் போனது. வாங்கியதையெல்லாம் அன்றைக்கே தின்னவேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே. ராத்திரி தோசைக்குப் பதில் ரசம் சாதம்.

2 நவம்பர், சனி

நேற்றும் அரசு விடுமுறை, இன்று ஆபீஸும் இல்லை. மெஷினில் ஏறினேன். போன சனிக்கிழமையைவிட 1.4 கிலோ கூட.

ஒரு கிலோ உடல் கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரி. 1.4 கிலோ கொழுப்பு ஏற வேண்டுமென்றால் தேவைக்கு மேல் 10,780 தின்றிருக்கவேண்டும். அத்தனை முறுக்கு வீட்டில் சுடவே இல்லை. மாவும் சர்க்கரையும் உடம்பில் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையாகத் தங்கும்போது ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. முறுக்கிலும் குழம்பிலும் இருக்கும் உப்பு தன் பங்குக்குக் கொஞ்சம். கூடியதில் பெரும்பகுதி தண்ணீர்.

பண்டிகைக்கு மறுநாள் மெஷினைப் பார்த்துப் பயந்து இரண்டு நாள் பட்டினி கிடப்பார்கள், மூன்றாம் நாள் மிச்சப் பலகாரத்தை மொத்தமாகத் தீர்ப்பார்கள். எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். நான் காலையில் வழக்கம்போல இரண்டு தோசை சாப்பிட்டேன். மிஞ்சியதில் முறுக்கு மட்டும் எவர்சில்வர் தூக்கில். இனிப்பு முழுக்க வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் பிள்ளைகளுக்குப் போய்விட்டது.

10 நவம்பர், ஞாயிறு

தண்ணீர் வடிந்துவிட்டது. வேறு சொல்ல ஒன்றுமில்லை. இந்த வாரப் பலகாரத்தில் ஒரு ஜிகர்தண்டா. பாதாம் பிசினில் ஒன்றுமில்லை, பாலும் பாசந்தியும் ஐஸ்கிரீமும் நன்னாரி சர்பத்தும்தான் விஷயம். சின்ன கிளாஸுக்கு 300 எழுதினேன். நின்றுகொண்டே, போனைப் பார்க்காமல் குடித்தேன்.

17 நவம்பர், ஞாயிறு

ஒரு நாள் எடையை நம்பாமல் ஏழு நாள் சராசரி எடுத்தேன்: 69.8. அக்டோபர் முதல் வாரச் சராசரி 71.2. வாரத்துக்குக் கால் கிலோவுக்குக் குறைவு. 'முப்பது நாளில் பத்து கிலோ' விளம்பரக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் இந்தக் கால் கிலோவுக்குள் பால்கோவா இருக்கிறது, தீபாவளி இருக்கிறது.

சீட் டே பையன் நேற்று வந்து, "அக்கா, அந்தப் பலகாரக் கணக்கு ஷீட்டை எனக்கும் போட்டுக் கொடுங்க" என்றான். பலகாரம் என்ற இடத்தில் பன் பரோட்டா என்று அவனே டைப் செய்துவிட்டான். எத்தனை கலோரி என்று கேட்டான். கல்லில் மாஸ்டர் எவ்வளவு எண்ணெய் விடுகிறார் என்று பார்த்துவிட்டு வா, பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.