சனிக்கிழமையிலிருந்து பின்னோக்கி எண்ணிய ஒரு வாரம்

செயின்ட் ஹெலினா என்று சொன்னதும் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "நெப்போலியனைக் கொண்டுபோய் அடைத்தார்களே, அந்தத் தீவா?" அதே தீவுதான். 1815ல் கொண்டுவந்தார்கள், 1821ல் அவர் இறக்கும் வரை அங்கேயே வைத்திருந்தார்கள். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர் தள்ளி, தென் அட்லாண்டிக்கின் நடுவில் 122 சதுர கிலோமீட்டர் எரிமலைப் பாறை. எங்கே நீந்தித் தப்பிப்பது?

நாங்கள் போனது நெப்போலியனுக்காக இல்லை. எனக்குக் கடலுக்குள் இறங்க வேண்டும். நண்பனுக்குக் கடல் மேல் உட்கார்ந்து தூண்டில் போட வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் ஒழுங்காகக் கிடைப்பது அரிது என்று தேட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. முதலில் நான் சொன்னது கோஸ்டா ரிக்காவின் கோகோஸ் தீவு. கரையிலிருந்து ஒன்றரை நாள் படகுப் பயணம், கூட்டம் கூட்டமாகச் சுத்தியல்தலைச் சுறா. ஆனால் அது தேசியப் பூங்கா, சுற்றியுள்ள கடலில் மீன் பிடிக்கத் தடை. "அப்போ நான் படகில் உட்கார்ந்து உன் துண்டைப் பிடித்துக்கொண்டிருக்கணுமா?" என்றான். பேச்சு அத்தோடு முடிந்தது.

செயின்ட் ஹெலினாவில் கதை வேறு. தீவைச் சுற்றி 200 கடல் மைல் வரை 2016லேயே பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியாக அறிவித்துவிட்டார்கள். அதற்காக மீன்பிடியை மூடவில்லை. சூரை பிடிப்பவர்கள் கம்பும் தூண்டிலுமாக ஒவ்வொன்றாகத் தூக்குகிறார்கள். அவனுக்குக் கண்ணில் ஒளி வந்துவிட்டது. எனக்கோ, ஜனவரி முதல் மார்ச் வரை திமிங்கிலச் சுறாக்கள் வந்து கூடும் இடம் என்பதே போதுமானதாக இருந்தது. அதுவும் முழு வளர்ச்சி அடைந்த ஆணும் பெண்ணும் சேர்ந்து வருவது உலகத்தில் வெகு சில இடங்களில்தான்.

தேதியை முடிவு செய்ய உட்கார்ந்தபோதுதான் முதல் முடிச்சு விழுந்தது. 2017 அக்டோபர் வரை இந்தத் தீவுக்கு வழக்கமான பயணிகள் விமானச் சேவையே கிடையாது. ஆர்.எம்.எஸ். செயின்ட் ஹெலினா என்ற கப்பல் கேப் டவுனிலிருந்து ஐந்தாறு நாள் ஓடி வந்து சேரும். 2018ல் அதற்கும் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். இப்போது ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து சனிக்கிழமை விமானம். சனிக்கிழமை போனால் அடுத்த சனிக்கிழமை திரும்பலாம். எங்களுக்குக் கிடைத்த விடுப்புக்கு அந்த ஒரு வாரம்தான் கணக்கு.

ஒரு வாரம் என்றால் ஏழு நாள் என்று நினைத்துக்கொண்டு நண்பன் திங்கள், செவ்வாய் இரண்டையும் மீன்பிடிக்கு எழுதி, மிச்சத்தை எனக்கு விட்டுக்கொடுத்திருந்தான். நான் அந்தத் தாளைத் தலைகீழாகத் திருப்பினேன். ஸ்கூபாவுக்கு, அதாவது சிலிண்டர் காற்றோடு முக்குளிக்க, போகிறவர்கள் பயணத்தைத் திரும்பும் விமானத்திலிருந்து பின்னோக்கித்தான் எண்ண வேண்டும். கடலில் பத்து மீட்டர் இறங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைந்து தங்குகிறது. மேலே வந்த பிறகும் அது உடனே போய்விடாது. விமானத்துக்குள் இருக்கும் அழுத்தமோ 2,400 மீட்டர் மலை உச்சியில் இருப்பதற்குச் சமமாகக்கூட இறங்கும். அவசரப்பட்டு ஏறினால் உள்ளே மிச்சமிருக்கும் நைட்ரஜன் குமிழியாகிறது. மூட்டுவலியில் தொடங்கி பக்கவாதம் வரைக்கும் போகலாம். ஒரே ஒருமுறை முக்குளித்தால் குறைந்தது 12 மணி நேரம், பல நாள் பல முறை என்றால் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டுதல். பலர் அதை 24 ஆக்கிக்கொள்கிறார்கள். நானும் அந்தக் கட்சி.

ஆகவே முக்குளிப்பு முதலில், மீன்பிடி கடைசியில். திங்கள் முதல் வியாழன் வரை எனக்கு, வெள்ளிக்கிழமை அவனுக்கு. "நாலு நாள் உனக்கு, ஒரு நாள் எனக்கா?" என்று முறைத்தான். முக்குளிப்பு காலையோடு முடிந்துவிடும், மாலையில் துறைமுகச் சுவரில் உட்கார்ந்து எத்தனை வேண்டுமானாலும் தூண்டில் போடு என்று சொல்லிச் சமாளித்தேன். திமிங்கிலச் சுறாவையும் வெள்ளிக்கிழமை காலைக்கே தள்ளினேன். அதை ஸ்நார்க்கல் என்ற மூச்சுவிடும் குழாயை வாயில் வைத்து மேலே மிதந்தபடிதான் பார்க்கப் போகிறோம். சிலிண்டர் காற்று இல்லை என்றால் இந்த மணிக்கணக்கும் இல்லை.

இரண்டாவது முடிச்சு தங்குமிடம். மலைமேல் ஒரு வீடு, பால்கனியில் நின்றால் கடல் முழுதும் தெரியும் என்று படம் போட்டிருந்தார்கள். முன்பணம் கட்டப் போகும்போதுதான் உறைத்தது. இந்தத் தீவில் ஊரே மலை ஏறுகிறது. நெப்போலியன் இருந்த லாங்வுட் ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விமான நிலையமே 300 மீட்டரில். 300 மீட்டருக்கு மேலே போனாலே முக்குளிப்புக் கணக்கில் அது உயரமான இடம். காலையில் இரண்டு முறை ஆழத்துக்குப் போய்விட்டு மதியம் காரில் மலையேறித் தூங்குவதற்கு மனம் ஒப்பவில்லை. படம் அழகாகத்தான் இருந்தது, விட்டுவிட்டோம். கடல் மட்டத்தில், இரண்டு மலைச்சுவர்களுக்கு நடுவே குறுகிய பள்ளத்தில் இருக்கும் ஜேம்ஸ்டவுனிலேயே அறை எடுத்தோம். அங்கே ஊரை ஒட்டி மலையில் நெட்டுக்குத்தாக ஏறும் ஜேக்கப்ஸ் லேடர் என்ற படிக்கட்டு இருக்கிறது. 699 படி. முதல் நாளே ஓடி ஏறணும் என்றான். முக்குளித்த அன்று கடுமையான உடற்பயிற்சியும் கூடாது என்றேன். "உன் விளையாட்டில் என்னதான் கூடும்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி.

காப்பீட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். மருத்துவக் காப்பீடு இல்லாமல் தீவுக்குள் விடமாட்டார்கள். பெரிய சிகிச்சை என்றால் ஆளைத் தூக்கிக்கொண்டு தென்னாப்பிரிக்காவுக்குத்தான் போக வேண்டும், அந்தச் செலவும் அதில் அடங்கியிருக்க வேண்டும். நான் ஒரு பாலிசி எடுத்து, சரி முடிந்தது என்று மூடி வைத்திருந்தேன். பத்து நாள் கழித்து ஏதோ தோன்றிப் படித்துப் பார்த்தால், ஸ்கூபா 18 மீட்டர் ஆழம் வரை மட்டும் என்று பொடி எழுத்தில் இருந்தது. என் சான்றிதழ் 30 மீட்டருக்கு. கூடுதல் பணம் கட்டி மாற்றினேன். முக்குளிப்பு மையம் அனுப்பும் உடல்நலப் படிவத்தையும் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். சில கேள்விகளுக்கு "ஆம்" என்றால் மருத்துவர் கையெழுத்து கேட்பார்கள். எனக்கு சைனஸ் என்பதால் அந்த அலைச்சல் இருந்தது.

மூட்டை கட்டுவதில் சொல்ல அதிகம் இல்லை. முகமூடி, ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டர், சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டர் மூன்றும் என்னுடையவை. சிலிண்டரும் ஈயக்கட்டியும் அங்கே வாடகைக்கு. ரெகுலேட்டரைக் கொண்டு போகிறவர்கள் அங்குள்ள சிலிண்டர் வால்வு திருகு வகையா கவ்வி வகையா என்று முன்பே கேட்டு, தேவைப்பட்டால் அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள். நடுக்கடல் தீவில் அதைத் தேட முடியாது. நண்பன் தன் ஏழடித் தூண்டில் கம்பை விட்டுவிட்டு நான்காகக் கழற்றும் பயணக் கம்பு ஒன்றை வாங்கினான். அதற்கு ஒரு வாரம் துக்கம் அனுசரித்தான். ரொக்கமாக பவுண்டு வைத்துக்கொண்டோம். தீவுக்கென்று தனி பவுண்டு உண்டு, பிரிட்டிஷ் பவுண்டுக்குச் சமமான மதிப்பு. மிஞ்சினால் வெளியே மாற்றுவதுதான் சிரமம்.

இத்தனை யோசித்த நாங்கள் ஒன்றை யோசிக்கவில்லை. ரோலர்ஸ்.

திங்கட்கிழமை கடல் கண்ணாடி போல இருந்தது. ஜேம்ஸ் வளைகுடாவில் 1911ல் தீப்பிடித்து மூழ்கிய பாபனூயி என்ற பயணிகள் கப்பலுக்கு இறங்கினோம். கரைக்குப் பக்கத்தில்தான். கப்பலின் சுக்கான் தண்டு இன்னமும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது, அதைப் பார்த்தே படகை நிறுத்துகிறார்கள். பதினைந்து மீட்டருக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. கொதிகலன் ஒன்றின் வாயில் டார்ச் அடித்தேன். உள்ளே சிவப்புச் சிவப்பாக மீன்கள் ஒரே திசையில் தலைவைத்து, வகுப்பறையில் யாரோ ஆசிரியர் நுழைந்ததுபோல மொத்தமாக என் பக்கம் திரும்பின. அந்த ஒரு நொடிக்காக இன்னொரு முறை இத்தனை படிவமும் நிரப்புவேன்.

இதே வளைகுடாவில் டார்க்டேல் என்ற எண்ணெய்க் கப்பலும் கிடக்கிறது. 1941 அக்டோபரில் ஜெர்மன் நீர்மூழ்கி சுட்டு மூழ்கடித்தது. 41 பேர் அதோடு போனார்கள். மிச்சமிருந்த எண்ணெயை 2015ல்தான் உறிஞ்சி எடுத்தார்கள். அது நாற்பது மீட்டருக்கும் கீழே, எங்கள் தகுதிக்கு மீறிய ஆழம். படகு அந்தப் பக்கம் வந்தபோது படகுக்காரர் வேகத்தைக் குறைத்தார், அவ்வளவுதான்.

செவ்வாய் காலை துறைமுகத்துக்குப் போனால் படகுகள் எல்லாம் தள்ளி நிற்கின்றன. காற்றே இல்லை. ஆனால் படிக்கட்டில் அலை இரண்டு ஆள் உயரத்துக்கு ஏறி ஏறி இறங்குகிறது. வடக்கு அட்லாண்டிக்கில் எங்கோ அடித்த புயலின் அலை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உருண்டு இங்கே வந்து மோதுகிறது. இதற்குத்தான் ரோலர்ஸ் என்று பெயர். 1846 பிப்ரவரியில் இதே அலைகள் வளைகுடாவில் நின்ற கப்பல்களையே அடித்து நொறுக்கியிருக்கின்றன. இறங்குபடியில் தொங்கும் கயிறுகளை முதல் நாள் ஏதோ அலங்காரம் என்று நினைத்திருந்தேன். படகிலிருந்து கரைக்குத் தாவும்போது பற்றிக்கொள்ள அவை. திமிங்கிலச் சுறா வரும் அதே மாதங்கள்தான் ரோலர்ஸ் வரும் மாதங்களும். இதைப் படித்திருந்தேன், ஆனால் கணக்கில் ஒரு நாள் உபரி வைக்கவில்லை. செவ்வாய் போனது. புதனும் போனது. நண்பன் ஜேக்கப்ஸ் லேடரை இரண்டு முறை ஏறி இறங்கினான்.

வியாழன் இரண்டு முறை இறங்க முடிந்தது. கரைக்கு வந்ததும் பேராசை பிடித்துக்கொண்டது. வெள்ளி காலை எட்டு மணிக்கு ஒருமுறை இறங்கி ஒன்பதுக்கு ஏறிவிட்டால், சனி மதிய விமானத்துக்கு 27, 28 மணி நேரம் இருக்கிறதே. மணிக்கணக்குப்படி தப்பே இல்லை. படகுக்காரரிடம் கேட்டேன். "செய்யலாம். ஆனா உங்க நண்பர் ரெண்டு நாளா என்னைப் பார்க்கிற பார்வை சரியில்லை" என்றார். விட்டுவிட்டேன்.

வெள்ளி காலை திமிங்கிலச் சுறா. தொடக்கூடாது, வழிமறிக்கக்கூடாது, படகுக்காரர் சொல்லும்போதுதான் இறங்க வேண்டும். பேருந்து நீளத்துக்கு ஒரு புள்ளிபோட்ட முதுகு எனக்குக் கீழே ஓசையில்லாமல் நகர்ந்துபோனது. வாலை ஒருமுறை ஆட்டியது, நான் ஐந்து நிமிடம் அடித்த துடுப்பு வீணானது.

மதியம் அவன் நேரம். வேறு படகு, அந்தக் கால மீனவர் ஒருவர். பாறை ஓரத்தில் சும்மா தங்கூசியை இறக்கியபோது இரை மட்டும் காணாமல் போய்க்கொண்டே இருந்தது. கன்னிங் ஃபிஷ் என்றார் அவர். தீவுக்காரர்கள் வண்ணத்துப்பூச்சி மீனுக்கு வைத்திருக்கும் பெயர், தந்திரக்கார மீன். வெளியே போனதும் சூரை கவ்வியது. நண்பனின் பயணக் கம்பு வில்லாக வளைந்தது, நாலு துண்டும் நாலு பக்கம் போகும் என்று நான் காத்திருந்தேன். போகவில்லை. மீன் ஏறியதும் பெரியவர் படம் எடுக்கக்கூட விடவில்லை. மார்புத் துடுப்புக்குப் பின்னால் கத்தியால் ஒரு கீறல், ரத்தம் வடிந்ததும் நேரே பனிக்கட்டித் தண்ணீருக்குள். சூரையை வெயிலில் போட்டால் ஹிஸ்டமின் கூடிவிடும், பிறகு வேகவைத்தாலும் போகாது. "படம் பிறகு எடுத்துக்கலாம், மீன் காத்திருக்காது" என்றார்.

சனிக்கிழமை விமான நிலையத்தில் பெட்டிகளை எடைபோட்டு, வரிசையில் நின்று, உட்கார்ந்திருந்தோம். மேகம் ஓடுபாதை மேல் இறங்கிவிட்டது. விமானம் மேலே இரண்டு சுற்றுச் சுற்றும் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் கேட்கவில்லை. ஆப்பிரிக்கக் கரைக்கே திரும்பிவிட்டது. நாளை வரலாம், வானிலையைப் பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். எனக்கு மட்டும் ஒரு கணக்கு ஓடியது. நாளை என்றால் இன்று இறங்க முடியாது. நாளை மறுநாள் என்றால் இப்போதே ஓடிப்போய் இறங்கலாம். எது என்று யாருக்கும் தெரியாது.

நண்பன் ஏற்கெனவே பெட்டியைத் திறந்து கம்பின் நாலு துண்டையும் மாட்டிக்கொண்டிருந்தான். ஜேம்ஸ்டவுன் போகும் வண்டியில் முன் இருக்கையும் அவனுக்குத்தான் கிடைத்தது.