நாடியைத் தொட்ட விரல்கள்

இரண்டு ஆண்டுகளாக என் வலது கை விரல்கள் இடது மணிக்கட்டை விட்டு அகலவே இல்லை. மியான்மரின் யாங்கூன் நகரில் நாங்கள் குடியிருக்கும் ஆறாவது மாடிக்கு லிஃப்ட் கிடையாது. படியேறி வந்ததும் நெஞ்சு படபடக்கும், விரல் நுனிகள் மரத்துப்போகும், உடனே மாரடைப்பு என்று முடிவுகட்டிவிடுவேன். இசிஜி, எக்கோ என்ற இதயப் பரிசோதனைகள், தைராய்டு பரிசோதனை எல்லாம் சரியாகவே இருந்தன. அந்த நிம்மதி இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. "எல்லாம் மனப்பிரமை" என்று ஒரு மருத்துவர் சொன்னது இன்றும் உறுத்துகிறது, ஏனெனில் படபடப்பு பொய்யல்ல.

மின்சாரம் இருக்கும் நேரம் பார்த்துக் காணொளியில் பேசிய உளவியலாளர்தான், பயத்தில் அட்ரினலின் சுரந்து இதயம் விரைவதையும், மூச்சு வேகமாக வாங்குவதால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல்கள் மரத்துப்போவதையும் பொறுமையாக விளக்கினார். எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் அவருடைய சிகிச்சைக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று பெயர். நாடி பார்க்கும் ஒவ்வொரு முறையும் குறிப்பேட்டில் கோடு போடச் சொன்னார். முதல் நாள் 43 கோடுகள், எனக்கே வெட்கமாயிருந்தது. அடுத்து, வேண்டுமென்றே வேகமாகப் படியேறி, நாடியைத் தொடாமல், "எனக்கு ஒன்றுமில்லையே?" என்று கணவரிடமும் கேட்காமல், படபடப்பு தானாக அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். கேட்டுப் பெறும் ஆறுதலே அச்சத்துக்குத் தீனியாகியிருக்கிறது.

நேற்றுக் காலை, பால்கனியிலிருந்து தெருவுக்குத் தொங்கும் கயிற்றை இழுத்துக் காய்கறிக்காரர் மணியடித்தார். வழக்கம்போல் பையைக் கயிற்றிலேயே மேலே இழுத்திருக்கலாம். இறங்கிப்போய் வாங்கி வந்தேன். நேற்றைய கோடுகள் 4.