வெளிச்சத்தில் தொடங்கும் காலை

காலைப் பொழுதை எனக்கு நெருக்கமாக்கியது அலாரம் அல்ல, வெளிச்சம். எழுந்ததும் கைப்பேசியைத் தொடாமல் மொட்டைமாடிக்குப் போய்விடுகிறேன். வீட்டு விளக்குகள் பெரும்பாலும் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவே தரும்; மேகமூட்டமான பகலிலும் வெளியே ஆயிரக்கணக்கான லக்ஸ் கிடைக்கும். தூக்கத்தையும் விழிப்பையும் ஒழுங்குபடுத்தும் உடற்கடிகாரம் பெரும்பாலோருக்கு 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமாகச் சுற்றுகிறது. விழித்திரை வழியே மூளைக்குச் செல்லும் காலை வெளிச்சம்தான் அதைத் தினமும் முன்னுக்கு இழுத்துச் சரிசெய்கிறது. அந்தக் கடிகாரத்தின் மூலக்கூறு இயக்கத்தைக் கண்டறிந்ததற்காகவே 2017-இல் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

விழித்தவுடன் வரும் மந்தம் சோம்பேறித்தனம் அல்ல என்று அறிந்தபோது எவ்வளவு ஆறுதல்! மூளை முழுதாக விழிக்க அரை மணி நேரம்கூட ஆகலாம். அந்த நேரத்தில் நான் எந்த முடிவும் எடுப்பதில்லை. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன், போர்வையை மடிக்கிறேன், அவ்வளவுதான். உடற்பயிற்சி, நாட்குறிப்பு எல்லாம் பிறகு. சில நாள் இல்லாமலும் போகும்.

விடுமுறை நாளிலும் எழும் நேரத்தை மாற்றுவதில்லை. இதில் மட்டும் நான் பிடிவாதக்காரி. மதியத்துக்குப் பின் காபியும் கிடையாது; குடித்த காஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும்.