ஆஸ்ட்ரோசாட்ல காமா கதிர் வெடிப்பு பிடிக்கறதுக்குள்ள நாங்க பட்ட பாடு

காமா கதிர் வெடிப்புன்னா எங்கயோ தூரத்துல திடீர்னு காமா கதிர் பளிச்சுன்னு வெடிச்சு அடங்கறது, சுருக்கமா பர்ஸ்ட்னு சொல்வோம். நான் சொல்லப்போற கருவி அதுக்குன்னே கட்டினது இல்ல, அத முதல்லயே சொல்லிடறேன். ஆஸ்ட்ரோசாட்ங்கற இந்தியாவோட வானியல் சேட்டிலைட்ல மொத்தம் அஞ்சு பேலோடு, அதாவது கருவி, போச்சு, அதுல ஒண்ணு காட்மியம் ஜிங்க் டெல்லுரைடு இமேஜர், எங்க வாயில எப்பவும் சிஜெட்டிஐ. அதோட மெயின் வேலை, நேரா பாக்கற திசையில 4.6 டிகிரிக்குள்ள இருக்கற பிளாக் ஹோல், நியூட்ரான் ஸ்டார் இதுங்கள 20லேர்ந்து 200 கேஈவி (கதிரோட எனர்ஜிய அளக்கற யூனிட்) வரைக்கும் ஹார்டு எக்ஸ்ரேல, அதாவது எனர்ஜி அதிகமான எக்ஸ்ரேல, பாக்கறது. இந்த எனர்ஜில கண்ணாடி லென்ஸ்லாம் ஒண்ணும் பண்ணாது, அதனால மேல 0.5 மில்லிமீட்டர் டாண்டலம் தகடு, அதுல சதுர சதுரமா ஓட்டை, கீழ டிடெக்டர். ஜன்னல் கம்பி நிழல் தரையில எங்க விழுதுன்னு பாத்து சூரியன் எந்தப் பக்கம்னு சொல்றோம்ல, அதே கணக்குதான்.

ஆனா எனர்ஜி 100 கேஈவிக்கு மேல போச்சுன்னா அந்தத் தகடு, பக்கத்துல இருக்கற சுவர் எல்லாம் காமாவுக்கு ஒரு தடையே இல்ல, ஊடுருவி உள்ள வந்துடும். இமேஜ் எடுக்கறவங்களுக்கு அது தலைவலி, எங்களுக்கு லாட்டரி. பர்ஸ்ட் எங்கேர்ந்து வரும் எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது, சில செகண்டுல முடிஞ்சிரும், அதனால பூமி மறைக்காத வானம் முழுசும் திறந்து கிடந்தாதான் சிக்கும். டிடெக்டர் 5 மில்லிமீட்டர் தடிமன் வேற, அதனால ஒரு பிக்சல்ல மோதி பக்கத்து பிக்சல்ல போய் விழற காமாவ வச்சு போலரைசேஷன், அதாவது கதிரோட அலை எந்தப் பக்கமா அதிருதுங்கறத கூட அளக்கலாம்னு முன்னாடியே கணக்கு போட்டு வச்சிருந்தாங்க. நான் அந்த டீம்ல ஒரு ஓரத்துல இருந்த ஆளு, லாஞ்சுக்கு முன்னாடி கேலிப்ரேஷன், அப்புறம் டேட்டா பக்கம்.

கேலிப்ரேஷன்னா தெரிஞ்ச எனர்ஜி கதிர விட்டு கருவி என்ன காட்டுதுன்னு சரி பாக்கறது, கேக்க சிம்பிளா இருக்கும். 64 மாட்யூல், ஒவ்வொண்ணுலயும் 256 பிக்சல், மொத்தம் 16384. எந்த பிக்சலும் இன்னொரு பிக்சல் மாதிரி நடந்துக்காது, அதான் பிரச்சனை. சோர்ஸ்னு நாங்க சொல்றது கதிர்வீச்சுப் பொருள, அதுல அமெரிசியம் 241 வச்சா 59.54 கேஈவில ஒரு கோடு வரணும், காட்மியம் 109 வச்சா 22லயும் 88லயும், கோபால்ட் 57 வச்சா 122ல. ஒவ்வொரு பிக்சல்லயும் அந்தக் கோடு எந்த சேனல்ல (கருவி காட்டற எண்) வந்து உக்காருதுன்னு பாத்து எழுதி வைக்கணும், அப்புறம் டெம்பரேச்சர மாத்தி திரும்ப முதல்லேர்ந்து அதே வேலை, ஏன்னா சூடு ஏறினா நாய்ஸும் ஏறும், கோடும் லேசா நகரும். மேல போனப்புறம் ஹீட் பைப் வழியா சூட்ட ரேடியேட்டருக்கு கடத்தி கூலா வச்சுக்குவோம், ஆனா எந்த டெம்பரேச்சர்ல நிக்கும்னு முன்கூட்டி அடிச்சு சொல்ல முடியாதுல்ல, அதனால ஒரு ரேஞ்சுக்கே டேபிள் போட்டு வச்சுக்கணும்.

ராத்திரி ஷிஃப்ட்ல சோர்ஸ் வச்சுட்டு கவுண்ட் சேரற வரைக்கும் உக்காந்திருக்கறதுதான் பாதி வேலை. சட்டையில டோசிமீட்டர் பேட்ஜ் (நம்ம மேல எவ்வளவு கதிர் பட்டுச்சுன்னு காட்டறது) குத்தியிருக்கும், சோர்ஸ் எடுத்தா ரெஜிஸ்டர்ல கையெழுத்து, திருப்பி வச்சா கையெழுத்து. ஃபிசிக்ஸ விட கையெழுத்துதான் அதிகம் போட்டேன்னு நினைக்கறேன், ஆனா ரேடியோஆக்டிவ் சாமான்ல அந்த கெடுபிடி இருக்கறதுதான் நல்லது.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு. மேல போனப்புறம் யாரு போய் சோர்ஸ் வைக்கறது? அதுக்காக உள்ளயே கொஞ்சம் அமெரிசியம் வச்சு அனுப்பினாங்க. அமெரிசியம் உடையும்போது ஒரு ஆல்ஃபா வரும், கூடவே 59.54 காமாவும் வரும். ஆல்ஃபாவ பக்கத்துல இருக்கற ஒரு சின்ன சீசியம் அயோடைடு கிரிஸ்டல் பிடிச்சுக்கும், அப்ப கூடவே டிடெக்டர்ல வந்த ஈவென்ட்ல ஒரு டேக் விழுந்துரும், இது நம்ம வீட்டு சரக்கு, வானத்துலேர்ந்து வந்தது இல்லன்னு. டேக் விழுந்தத மட்டும் தனியா பிரிச்சா ஃபிளைட்ல இருக்கும்போதே கேலிப்ரேஷன் செக் பண்ணிக்கலாம். யாரு யோசிச்சாங்களோ, கை குடுக்கணும்.

போலரைசேஷன் டெஸ்டும் தரையிலயே பாத்தாங்க. சோர்ஸ்லேர்ந்து நேரா வர காமால போலரைசேஷன் கிடையாது, ஒரு தடவ எதுலயாவது மோத விட்டு பக்கவாட்டுல சிதறி வரத எடுத்தா இருக்கும். ரெண்டையும் டிடெக்டர்ல விட்டு வித்தியாசம் தெரியுதான்னு பாக்கணும், தெரிஞ்சுது.

வைப்ரேஷன், தெர்மோவேக் (காத்தில்லாத அறையில சூடு, குளிர் குடுத்துப் பாக்கறது), சேட்டிலைட்டோட இன்டக்ரேஷன் பத்திலாம் அதிகம் சொல்ல ஒண்ணும் இல்ல, எல்லா மிஷன்லயும் நடக்கறதுதான். ஒவ்வொரு டெஸ்டுக்கு அப்புறமும் 16384 பிக்சலும் முன்ன மாதிரியே இருக்கான்னு பாக்கணும், ஸ்பெக்ட்ரம் போட்டு போட்டு கண்ணு பூத்துப் போகும்.

2015 செப்டம்பர் 28, ஸ்ரீஹரிகோட்டாலேர்ந்து பிஎஸ்எல்வி சி30 கிளம்புச்சு. 650 கிலோமீட்டர் உயரம், பூமத்திய ரேகைக்கு வெறும் 6 டிகிரி சாய்வு. இந்தச் சாய்வுதான் எங்களுக்குப் பெரிய வரம், ஏன்னா தென் அட்லாண்டிக் மேல சார்ஜ்டு பார்டிக்கிள் கொத்தா நிக்கற ஏரியா ஒண்ணு இருக்கு, அதோட ஓரத்த மட்டும் தொட்டுட்டு போயிரும், நட்ட நடுவுல மாட்டாது. மேல போனதும் உடனே சுவிட்ச் போட முடியாது. மிச்சம் மீதி காத்து, ஆவி எல்லாம் வெளியேறாம ஹை வோல்டேஜ் குடுத்தா ஸ்பார்க் அடிச்சு கதை முடிஞ்சிரும். காத்திருக்கணும், வேற வழியே இல்ல.

அக்டோபர் 6ம் தேதி ஆன் பண்ணினாங்க. அன்னிக்கே ஒரு பர்ஸ்ட், ஜிஆர்பி 151006ஏ, தேதிய வச்சு குடுத்த பேரு. சத்தியமா யாரும் ஆர்டர் குடுத்து வரல. நாசாவோட ஸ்விஃப்ட் சேட்டிலைட் அத பிடிச்சு எல்லாருக்கும் அறிவிச்சிருந்துச்சு, எங்க டேட்டாவ திறந்து அந்த நேரத்துல பாத்தா லைட் கர்வ்ல, அதாவது எந்த நேரத்துல எத்தன கவுண்ட்னு காட்டற கிராஃப்ல, நல்லா எழும்பி நிக்குது. நாங்க பாத்துட்டிருந்த திசைக்கு சுமார் 60 டிகிரி தள்ளி நடந்த பர்ஸ்ட்! ஒரு பிக்சல்ல மோதி சிதறி பக்கத்துலயும் விழறத காம்ப்டன் ஈவென்ட்னு சொல்வோம், அதுவும் அதே நேரத்துல ஏறியிருந்துச்சு. சுவர் தடையில்ல, வானம் முழுசும் தெரியும்னு பேப்பர்ல போட்ட கணக்கு முதல் நாளே நிஜமாயிருச்சு. அன்னிக்கு ஸ்வீட் யாரு வாங்கிட்டு வந்தாங்கன்னு ஞாபகம் இல்ல, ஆனா சாப்பிட்டோம்.

உண்மையான வேலை அதுக்கு அப்புறம்தான் ஆரம்பிச்சுது. தரையில எவ்வளவு டெஸ்ட் பண்ணாலும் காஸ்மிக் ரே மழையில நனைய விட்டு டெஸ்ட் பண்ண முடியாது பாருங்க. ஒரு காஸ்மிக் ரே சேட்டிலைட் உடம்புல எங்கயோ மோதினா அங்கேர்ந்து ஒரு கூட்டமா சிதறி, சில மைக்ரோசெகண்டுக்குள்ள நிறைய பிக்சல் ஒண்ணா எரியும். எங்க டைம் ரெசல்யூஷன் 20 மைக்ரோசெகண்ட், அதனால டேட்டால அப்படியே கொத்துக் கொத்தா தெரியும். அதுக்கு பன்ச்னு பேரு வச்சோம். வர ஈவென்ட்ல பெரும்பகுதி இந்த பன்ச்தான், முதல்ல அத கழிக்கணும். அப்புறம் நாய்ஸி பிக்சல். நேத்து வரைக்கும் ஒழுங்கா இருந்தது இன்னிக்கு திடீர்னு கத்த ஆரம்பிக்கும், சிலது நிரந்தரமா கத்தும் அத கமாண்ட் அனுப்பி அணைச்சிரலாம், சிலது ஒரு செகண்ட் கத்திட்டு நல்ல பிள்ளை மாதிரி இருக்கும், இதுதான் மோசம், ஏன்னா ஒரு செகண்ட் எழும்பி அடங்கறது பாக்க சின்ன பர்ஸ்ட் மாதிரியே இருக்கும்.

இன்னொண்ணு, ஸ்விஃப்ட் மாதிரி எங்க கருவிக்குள்ள பர்ஸ்ட் வந்திருச்சுன்னு மணி அடிக்கற ஏற்பாடு கிடையாது. வந்த ஒவ்வொரு ஈவென்டும் நேரத்தோட கீழ இறங்கும், பெங்களூரு வழியா புனேல ஐயூகாங்கற வானியல் ஆராய்ச்சி மையத்துல இருக்கற பேலோடு சென்டருக்கு வந்தப்புறம் நாமதான் தேடணும். லேட்டாதான் தெரியும், ஆனா எதுவும் தூக்கிப் போடப்படறதில்ல, தேவைன்னா எத்தன வருஷம் கழிச்சும் திரும்பத் தோண்டலாம், எனக்கு இதுவே மேல்னு தோணும். சோதனை என்னன்னா, டிடெக்டர் நாலு க்வாட்ரண்டா பிரிஞ்சிருக்கு, நிஜ பர்ஸ்ட்னா நாலுலயும் ஒரே நேரத்துல ஏறும், ஒண்ணுல மட்டும் ஏறினா அது பெரும்பாலும் ஏதோ பிக்சலோட சேட்டை. கீழ இருக்கற 2 சென்டிமீட்டர் சீசியம் அயோடைடு வீட்டோ டிடெக்டர்லயும் (பின்னணிய கழிக்கறதுக்கு வச்சது) ஏறினா இன்னும் தைரியமா சொல்லலாம். தென் அட்லாண்டிக் ஏரியா உள்ள நுழையும்போதும் வெளிய வரும்போதும் வர ஏத்தத்த கண்ணாலயே ஒதுக்கப் பழகிட்டோம், பழகின கண்ண அப்புறம் புரோகிராமா எழுதறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு.

பிடிச்சா மட்டும் பத்தாது, எவ்வளவு பிரகாசம், போலரைசேஷன் எவ்வளவுன்னு சொல்லணும்னா காமா எந்த வழியா உள்ள வந்துச்சுன்னு தெரியணும். 60 டிகிரி பக்கவாட்டுல வரது பக்கத்து கருவிங்க உடம்பு வழியா, கேபிள் பெட்டி வழியா சிதறி சிதறி வரும். அதனால சுமார் 1500 கிலோ சேட்டிலைட்ட முழுசா கம்ப்யூட்டர்ல ஜியன்ட்4ங்கற சிமுலேஷன் சாஃப்ட்வேர்ல கட்டி, எல்லா திசையிலேர்ந்தும் காமாவ விட்டுப் பாத்தாங்க. மாஸ் மாடல்னு சொல்றது இதத்தான். எந்த இடத்துல அலுமினியம், எந்த இடத்துல என்ன தடிமன்னு பழைய டிராயிங்லாம் தேடிப் பிடிக்கணும், கடுப்பான வேலை. ஆனா இது இல்லாம எங்க போலரைசேஷன் நம்பர யாரும் நம்பியிருக்க மாட்டாங்க.

பலன் எங்க தெரிஞ்சுதுன்னா 2017 ஜனவரி. 4ம் தேதி ஒரு ஈர்ப்பலை (வெளிச்சம் இல்ல, காலவெளியே அதிர்ற அலை) வந்துச்சு, ஜிடபிள்யூ170104, ரெண்டு பிளாக் ஹோல் மோதினது. மறுநாள் அட்லஸ் டெலஸ்கோப் அந்தப் பக்கத்துல மங்கிட்டே போற ஒரு ஒளிய கண்டுபிடிச்சுது, பிளாக் ஹோல் மோதலுக்கே வெளிச்சம் கிடைச்சிருச்சான்னு எல்லாரும் பரபரப்பாயிட்டாங்க. எங்க டேட்டால தோண்டினா ஈர்ப்பலை வந்து 21 மணி நேரம் போல கழிச்சு ஒரு காமா வெடிப்பு இருக்கு, ஜிஆர்பி 170105ஏ. அந்த ஒளி இதோட மிச்சம்தான், ஈர்ப்பலைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லன்னு ஆயிருச்சு. ஒருத்தர் கொண்டாட்டத்த கெடுத்த மாதிரிதான், ஆனா பின்னணி என்ன, பர்ஸ்ட் எதுன்னு பிரிக்கப் பழகாம இருந்திருந்தா அத சொல்லியிருக்கவே முடியாது. அதே வருஷம் ஆகஸ்ட் 17ம் தேதி நியூட்ரான் ஸ்டார் மோதல், உலகமே பாத்த அந்த பர்ஸ்ட், எங்களுக்கு பூமி குறுக்க நின்னு மறைச்சிருச்சு. அத நினைச்சா இன்னிக்கும் வயிறு எரியும்.

2022க்குள்ள 500க்கு மேல பிடிச்சாச்சு. இப்பல்லாம் புரோகிராம் தேடி லிஸ்ட் குடுத்துரும், புதுசா வர பசங்க அந்த லிஸ்ட்ட பாத்து ஆமா இல்லன்னு டிக் போடுவாங்க, நாலு க்வாட்ரண்டயும் தனித்தனியா ப்ளாட் போட்டுப் பாக்காம டிக் போடாதீங்கன்னு நான் இப்பவும் கத்திட்டுதான் இருக்கேன்.