தங்கச்சியின் மாத்திரை

பிப்ரவரி 9, காரைக்குடி

தங்கச்சிக்கு வைகாசியில் முகூர்த்தம். வீடு முழுக்கச் சீர்ச் சாமான் பரப்புகிற பேச்சுதான். அவளுக்கு வலிப்பு இருப்பதைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பச்சி (எங்கள் அப்பா) அப்போதே சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டாரும் சரி என்றார்கள். இந்து திருமணச் சட்டத்திலேயே 1999 வரை வலிப்பு ஒரு தடையாக இருந்ததை நினைத்தால் இது சின்ன விஷயமில்லை.

என் கவலை வேறு. பள்ளிக்கூட நாளிலிருந்து அவள் சாப்பிடுவது சோடியம் வால்புரோயேட் என்ற வலிப்பு மாத்திரை. இத்தனை வருஷம் சீட்டு எழுதித் தந்தவர் யாரும் 'பிள்ளை பெறும் வயதில் இது ஆகாது' என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 16

மதுரையில் நரம்பு டாக்டரைப் பார்த்தோம். அந்தம்மா சீட்டின் பின்பக்கம் முதுகெலும்பு படம் போட்டே விளக்கினார். சாதாரணமாக நூறு குழந்தையில் இரண்டு, மூன்றுக்குப் பிறவிக் குறை வரும். கர்ப்பத்தில் இந்த மருந்தைச் சாப்பிட்டால் பத்து வரை போகும்: முதுகுத் தண்டு மூடாமல் போவது, அண்ணப் பிளவு, இதயக் கோளாறு. அதைவிட எனக்கு வயிற்றைக் கலக்கியது அடுத்த கணக்கு. நூற்றுக்கு 30 முதல் 40 குழந்தைகளுக்குப் பேச்சு, படிப்பு, பழக்கத்தில் பின்தங்கல் வரலாம். அது ஸ்கேனில் தெரியாது. டோஸ் கூடக் கூட ஆபத்தும் கூடும்.

கரு உண்டான 28 நாளுக்குள் முதுகுத் தண்டு மூடிவிடுமாம். நாள் தள்ளிப்போனது தெரிந்து டாக்டரிடம் போவதற்குள் அது முடிந்திருக்கும். அதனால்தான் கல்யாணத்துக்கு முன்பே வந்தோம்.

பிப்ரவரி 20

விஷயம் கேள்விப்பட்ட பெரியம்மா, "அப்ப அந்த மாத்திரையை இன்னைக்கே நிறுத்துங்கடி" என்றார்கள். பாசம்தான், ஆனால் இதைவிட ஆபத்து கிடையாது. திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாமல் வந்து உயிருக்கே உலை வைக்கும். கர்ப்பத்தில் என்றால் இரண்டு உயிர். பெரியம்மாவை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னேன்.

டாக்டர் சொன்ன வழி இது: லெவிடிராசெட்டம் என்ற வேறு வலிப்பு மாத்திரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற, பழையது படிப்படியாக இறங்கும். கூடவே ஃபோலிக் அமிலம் என்ற விட்டமின் 5 மில்லிகிராம். மாற்றி முடிந்து நிலைப்படும் வரை குழந்தை வேண்டாம், கருத்தடை அவசியம் என்றும் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 11

காலையில் காபி டபராவை எடுத்தபோது அவள் கை வெடுக்கென்று உதறியது. காபி ஆத்தங்குடிக் கல் தரையில் சிதறி, அவள் முகம் வெளுத்துப்போனது. "ஆச்சி, பழையதுக்கே போயிடலாமா?" என்றாள். அக்காவை எங்கள் பக்கம் ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம். டாக்டருக்குப் போன் போட்டோம். புது மாத்திரையின் அளவைக் கூட்டி, பழையதைக் குறைப்பதை இரண்டு வாரம் நிறுத்தி வைத்தார். சிலருக்கு வால்புரோயேட் மட்டும்தான் கேட்கும் என்பதால் அவளுக்குப் பயம். எனக்கும்தான்.

ஏப்ரல் 6

உதறல் இல்லை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ மையத்தில் வலிப்புள்ள கர்ப்பிணிகளை 1998 முதல் பதிவுசெய்து கவனித்து வருகிறார்கள் என்று டாக்டர் சொன்னார். வலிப்புள்ள பெண்களில் பெரும்பாலோர் நல்லபடியாகப் பிள்ளை பெறுகிறார்கள் என்றும் சொன்னார். தங்கச்சி அதை இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டாள். கர்ப்பத்தில் லெவிடிராசெட்டத்தின் அளவு ரத்தத்தில் குறையும், அடிக்கடி பார்த்துக் கூட்ட வேண்டியிருக்கும். அடுத்த தடவை மாப்பிள்ளையையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார். அவர் லீவு போட்டாயிற்று.

ஒற்றைத் தலைவலிக்கும் மனநல நோய்க்கும்கூட வால்புரோயேட்டை எழுதுகிறார்கள். வீட்டில் இதைச் சாப்பிடும் பெண் இருந்தால் மருந்துச் சீட்டோடு உடனே டாக்டரிடம் போய்க் கேளுங்கள். அதுவரை மாத்திரையை நிறுத்த வேண்டாம்.