அம்மன் வருகிறாள், மாருதியை நகர்த்துங்கள்

மாசி மகத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் நான் புதுச்சேரிக்குக் கிளம்பியது தீர்த்தவாரி பார்க்கத்தான். கடலூர் முதுநகரிலிருந்து 20 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அரியாங்குப்பம் தாண்டும் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். கூட்டமெல்லாம் என்னைப் போலத்தான், மறுநாள் வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போகிறவர்கள். மயிலத்திலிருந்து முருகன் வருவார், சுற்றுவட்டாரத்துச் சாமிகள் எல்லாம் வரிசையாகக் கடலுக்கு வரும். நண்பன் வீடு குப்பத்துக்குள்ளேயே இருப்பதால் எனக்கு இடத்துக்குக் கவலை இல்லை. பையை வைத்துவிட்டு மீன் குழம்போடு சாப்பிட்டுத் தூங்குவது என்பதுதான் திட்டம்.

தெருமுனையிலேயே திட்டம் போயிற்று. பத்துப் பதினைந்து பேர் ஒரு பழைய வெள்ளை மாருதி 800-ஐச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். 1989 மாடல். தெருவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கை அதுவே பிடித்துக்கொண்டிருந்தது. காலையில் அம்மன் சீரியல் லைட் கட்டிய டிராக்டரில் அந்த வழியாகத்தான் கடலுக்குப் புறப்பட வேண்டும். டிராக்டர்காரர் வந்து அளந்து பார்த்துவிட்டு, "இது இருந்தா வராதுபா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

காரின் சொந்தக்காரர் பிரான்சில். புதுச்சேரியில் இது ஒன்றும் அதிசயமில்லை, தெருவுக்கு இரண்டு வீட்டில் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கும். சாவியும் அவரோடு பிரான்சில். வாட்ஸ்அப்பில் பிடித்துக் கேட்டதற்கு, "தாராளமா நகர்த்திக்குங்க, கண்ணாடிய மட்டும் உடைச்சிடாதீங்க" என்று அனுமதி கொடுத்தார். ஆனால் கதவு பூட்டியிருக்கிறது, வண்டி முதல் கியரில் நிற்கிறது, ஸ்டியரிங்கும் லாக் ஆகியிருக்கிறது. போதாததற்கு ஹேண்ட் பிரேக் போட்டு ஐந்து மாதம் ஆகிறது. கடற்கரையில் ஐந்து மாதம் ஹேண்ட் பிரேக்கோடு நிற்கும் வண்டிக்கு என்ன ஆகும் என்று கடலூர்க்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உப்புக் காற்றில் துருப்பிடித்து பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டுவிடும். ஆக முன்சக்கரம் கியரால் சுற்றாது, பின்சக்கரம் துருவால் சுற்றாது. தள்ளுகிற பேச்சே இல்லை.

"தூக்கிப் பக்கத்துச் சந்துல வச்சிடலாம் மச்சான்" என்றான் நண்பன். என் பை இன்னும் தோளிலேயே இருந்தது.

எனக்குப் பழைய கார்ப் பைத்தியம் கொஞ்சம் உண்டு என்பதால் கணக்கு உடனே மனதில் ஓடியது. மாருதியின் முதல் காரை ஓர் உரிமையாளர் வாங்கியது 1983 டிசம்பர் 14 அன்று. சாவியைக் கொடுத்தவர் இந்திரா காந்தி. 796 சிசி, மூன்று சிலிண்டர், எடை சுமார் 650 கிலோ. அம்பாசடர் என்றால் ஆயிரத்தைத் தாண்டும், அதன் பக்கத்திலேயே போயிருக்க மாட்டோம். மாருதியில் இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் முன்னால் இருப்பதால் பாரத்தில் பாதிக்கு மேல் முன்சக்கரங்களில் உட்கார்ந்திருக்கும். பின்னால் மிஞ்சுவது 250 கிலோவுக்குக் கொஞ்சம் கூட. நாம் பிடிப்பது அச்சுக்கும் பின்னால் பம்பர் அருகில் என்பதால் நெம்புகோல் கணக்கில் இன்னும் குறையும். ஆறு பேர் பிடித்தால் ஆளுக்கு ஒன்றரை சிப்பம் அரிசி. (இத்தாலியில் 1957-இல் வந்த ஃபியட் 500-க்கு இது தலைகீழ். இன்ஜின் பின்னால், முன்பக்கம்தான் லேசு. இதை அங்கே சொன்னேன், யாரும் கேட்கவில்லை.)

முதல் முயற்சி கேவலமாகப் போனது. ஆறு பேர் குனிந்து பிடித்தோம். "ஒன்னு, ரெண்டு, மூணு" என்றான் ஒரு பையன். மூன்று பேர் 'மூணு'விலேயே தூக்கினார்கள், மற்ற மூன்று பேர் 'மூணு' சொல்லி முடித்த பிறகு. கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும்பி 'தொம்' என்று விழுந்தது. நான் பிடித்திருந்தது சக்கர வளைவின் தகட்டு விளிம்பு. விரல் நான்கிலும் கோடு கோடாகச் சிவந்துவிட்டது. ஒருவன் பம்பரைப் பிடித்திருந்தான், பம்பர் பாதி கையோடு வந்தது. அதைச் சொந்தக்காரரிடம் இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

அப்போதுதான் எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து ஒரு பெரியவர் பீடியை அணைத்துவிட்டு எழுந்து வந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும், கட்டுமரக் காலத்து ஆள். "ஏம்பா, படகு தூக்குற ஊர்ல பொறந்துட்டு இன்னா இது?" என்றார். முதலில் கோணிப்பை கொண்டுவரச் சொன்னார். மடித்து விளிம்பில் போட்டு அதன் மேல் பிடிக்க வேண்டும். உயரமானவர்களை ஓரத்துக்கும் குட்டையானவர்களை நடுவுக்கும் மாற்றினார். "முதுக வளைக்காத, தொடையில எழுந்திரு. காலை மட்டும் வண்டிக்கு அடியில விட்டுடாத" என்றார்.

அப்புறம் செய்ததுதான் வித்தை. தூக்கச் சொல்லவில்லை, ஆட்டச் சொன்னார். "ஏலேலோ" என்று அவர் இழுக்கும்போது அழுத்த வேண்டும், "ஐலசா"வில் விட வேண்டும். மூன்று நான்கு முறை அழுத்தி விட்டதும் வண்டி ஸ்பிரிங்கில் தானாகவே குதிக்க ஆரம்பித்தது. அதன் மகிமை பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். நின்ற வண்டியை வெறுமனே தூக்கினால் முதலில் உடல்தான் மேலே வரும், சக்கரம் தரையிலேயே இருக்கும். ஸ்பிரிங் முழுக்க நீண்ட பிறகுதான் சக்கரம் கிளம்பும், அதற்குள் நம் மூச்சு போய்விடும். ஆட்டும்போது பாதி வேலையை ஸ்பிரிங்கே செய்துவிடுகிறது. வண்டி உச்சிக்கு வரும் நொடியில் "ஐலசா!" என்று குரல் உயரும், எல்லோரும் ஒரே மூச்சில் இடப்பக்கம் இழுத்தோம். பின்பக்கம் அரை அடி தள்ளிப் போய் உட்கார்ந்தது. தெருவே கைதட்டியது. எண்ணிக்கையில் எந்த எண்ணில் தூக்குவது என்ற குழப்பம் வரும், பாட்டில் வராது.

பின்பக்கத்தை அப்படியே தத்தித் தத்தி சந்தின் வாய்க்குக் கொண்டுவந்துவிட்டோம். முன்பக்கம்தான் பேயாட்டம் காட்டியது. அங்கே 380 கிலோவாவது இருக்கும், ஒன்பது பேர் பிடித்தும் எழும்பியது, நகரவில்லை. பெரியவர் பந்தலுக்கு வெட்டி வைத்திருந்த வாழைமரத்தில் ஒன்றை எடுத்து மட்டையை உரிக்கச் சொன்னார். குதிக்க வைத்துச் சக்கரம் எழும்பும் நொடியில் ஒரு பையன் மட்டையை அடியில் தள்ளினான், கையால் இல்லை, துடைப்பக்கட்டையால். இரண்டு சக்கரத்துக்கும் மட்டை போட்ட பிறகு வண்டி சோப்பு மேல் வைத்த மாதிரி வழுக்கியது. ஆனால் எங்கே வழுக்க வேண்டும் என்று அதுவே முடிவு செய்தது. ஒருமுறை நேராக ஒரு டிவிஎஸ் 50-ஐ நோக்கிப் போனது, நல்லவேளை மட்டை நசுங்கி நின்றுவிட்டது.

பின்னால் கொஞ்சம், முன்னால் கொஞ்சம். வீட்டில் பீரோவை மூலை மூலையாக நகர்த்துவோமே, அதே முறை. பதினைந்து இருபது அடிதான் தூரம், முழுதாக ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. முடியும்போது பத்தரை. யாரோ கோலி சோடா வாங்கி வந்தார்கள். நான் பாட்டிலைப் பிடிக்கவே முடியாமல் இரண்டு கையாலும் அணைத்துக் குடித்தேன்.

காலையில் அம்மன் தாராளமாகப் போனாள். டிராக்டருக்கு இரண்டு பக்கமும் ஆள் நடக்கும் அளவுக்கு இடம் இருந்தது. கடற்கரையில் மயிலம் முருகனைப் பார்க்கக் கூட்டத்தில் கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட வேண்டும் இல்லையா, எனக்கு மார்புக்கு மேல் கை எழும்பவில்லை. அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்ததற்கு அரைக் கும்பிடுதான் போட்டேன்.

மாருதி இன்னும் அந்தச் சந்தில்தான் நிற்கிறது. சந்துக்குள் இருக்கும் ஆயா முதல் இரண்டு நாள் வழியை அடைத்துவிட்டீர்கள் என்று எங்களைத் திட்டித் தீர்த்ததாம். போன வாரம் நண்பன் ஒரு படம் அனுப்பியிருந்தான். காரின் கூரை மேல் வலை விரித்து, அதன் மேல் நெத்திலி காய்கிறது.